கிட்டாருக்குள் ஒரு பேட்டரி தேவையா?

ராயபுரத்தில், காசிமேட்டுக் கடற்காற்று நேராக வந்து மோதும் ஒரு மாடி அறையில் நான் பல ஆண்டுகளாக ஹெவி மெட்டல் ரிதம் கிட்டார் வாசித்து வருகிறேன். 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெட்டாலிக்கா வாசித்ததை நின்றுகொண்டே பார்த்துவிட்டு, கால் வீங்கி ஊர் திரும்பியபோது பிடித்த பைத்தியம் இது. அன்றிலிருந்து நண்பர்களும் நண்பர்களின் தம்பிகளும் என்னிடம் அதிகம் கேட்டது, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பில் பேட்டரியோடு இயங்கும் ஆக்டிவ் வகையைப் போடலாமா, பேட்டரி வேண்டாத பாசிவே போதுமா என்ற கேள்வியைத்தான். நான் சொன்ன பதில் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக இருந்திருக்கிறது. காரணம், நானே இரண்டு முறை கட்சி மாறியவன். முதல் முறை மாறியதற்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் முழுத் தவறு என்பது நெடுநாள் கழித்துத்தான் தெரியவந்தது.

ஹெவி மெட்டலில் ரிதம் என்பது பின்னால் நின்று கோர்டு பிடிக்கும் வேலை அன்று. வலது உள்ளங்கையின் விளிம்பைப் பிரிட்ஜின் (தந்திகள் கிட்டாரின் உடலில் வந்து தங்கும் இடம்) அருகே தந்திகளின் மேல் லேசாக அழுத்திக்கொண்டு (இதுதான் பாம் மியூட்), தந்தியை மீட்டும் சிறு தகடான பிக்கைக் கீழ்நோக்கியே இடைவிடாமல் அடித்து, ஒவ்வோர் அடியும் பிறந்த கணத்திலேயே மடியும்படி வாசிப்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் மேளம் அடிக்க வருபவர்கள் தெருவோரத்தில் காகிதத்தையும் வைக்கோலையும் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். காயாத தோலில் 'தொப்'பென்று விழுந்த அடி, காய்ச்சிய பிறகு சுள்ளென்று தெறிக்கும். கையும் மாறவில்லை, குச்சியும் மாறவில்லை, தோலின் இறுக்கம் மட்டுமே மாறியிருக்கிறது. மெட்டல் வாசிப்பவர்கள் 'டைட்' என்று சொல்வது இந்த இறுக்கத்தைத்தான்.

இந்த இறுக்கத்துக்கு முதல் எதிரி, அடித்தள அதிர்வெண்கள். சாதாரணமாகச் சுருதி சேர்த்த கிட்டாரின் ஆறாவது தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதையே டிராப் சி என்னும் அளவுக்குத் தளர்த்தினால் 65 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. தளர்ந்த தந்தி அகலமாக ஆடும்; அந்த ஆட்டத்தைக் கெயின் (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) அதிகமுள்ள ஆம்ப்ளிஃபயருக்குள் (ஆம்ப்) அப்படியே அனுப்பினால், மழை நாளில் வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீரைப் போல எல்லாம் கீழே சேர்ந்து குழம்பி நிற்கும். அந்தப் பெருக்கத்தில் ஒலி கரகரக்கும் டிஸ்டார்ஷன் ஏறிய பிறகு ஆம்ப்பில் பேஸ் குமிழைக் குறைத்து இந்தக் குழப்பத்தைத் தெளிய வைக்க முடியாது. டிஸ்டார்ஷனுக்கு முன்பே குறைத்தாக வேண்டும். ஆகவே ரிதம் வாசிப்பவர் ஒரு பிக்கப்பைப் பார்த்து முதலில் கேட்க வேண்டியது, அது எவ்வளவு சத்தம் தருகிறது என்பதை அல்ல, அடித்தளத்தை எவ்வளவு கட்டுக்குள் வைத்து அனுப்புகிறது என்பதைத்தான்.

பாசிவ் பிக்கப்பில் மறைபொருள் எதுவும் இல்லை. ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைக் காட்டிலும் மெல்லிய செப்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள், அவ்வளவுதான். மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் இந்தச் சுருள் உறிஞ்சிக்கொள்கிறது என்பதால், 1950களில் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, ஒன்றின் ரீங்காரம் மற்றதன் ரீங்காரத்தை அழிக்கும்படி செய்தார். ஹம்பக்கர் என்ற பெயர் அதனால் வந்தது. 1957 முதல் கிட்டார்களில் வந்த அந்தப் பிக்கப்புகள் சுமார் 8 கிலோ ஓம் மின்தடை கொண்டவை. 1972இல் லாரி டிமார்சியோ வடிவமைத்த சூப்பர் டிஸ்டார்ஷன், செராமிக் காந்தமும் கூடுதல் சுற்றுகளும் கொண்டு 13 கிலோ ஓமைத் தாண்டியது. ஆம்ப்பை முகத்தில் அறைந்து எழுப்பும் பிக்கப் அது. (கிலோ ஓம் எண்ணைப் பார்த்து மட்டும் பிக்கப் வாங்காதீர்கள். கம்பியின் பருமன், காந்தத்தின் வகை ஆகியவற்றைச் சேர்க்காமல் அந்த எண் தனியாக எதையும் சொல்வதில்லை. கடையில் அதை மட்டும் சொல்லி விற்பவர்கள் உண்டு.)

சுற்றுகள் கூடக் கூட வெளியீடு கூடும், ஆனால் மேல் ஸ்தாயி மங்கி நடு ஸ்தாயி தடிக்கும். அதோடு, இந்தச் சுருளின் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) அதிகம் என்பதால், பிக்கப்புக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வரும் ஒவ்வொரு மீட்டர் கேபிளும் ஒலியின் கூர்மையிலிருந்து கொஞ்சம் தின்றுவிடும். அறையில் 3 மீட்டர் கேபிளில் பளிச்சென்று இருந்த கிட்டார், மேடையில் 10 மீட்டர் கேபிளில் போர்வை போர்த்தியதுபோல் கேட்பது இதனால்தான்.

ஆக்டிவ் பிக்கப் இதைத் தலைகீழாக அணுகுகிறது. சுற்றுகளைக் குறைத்து, அதனால் குறையும் வெளியீட்டைப் பிக்கப்பின் கூட்டுக்குள்ளேயே எபாக்ஸியில் புதைத்து வைத்த ஒரு சிறிய முன்பெருக்கியைக் கொண்டு உயர்த்துகிறது. 9 வோல்ட் பேட்டரி அந்த முன்பெருக்கிக்காகத்தான். பேட்டரி காந்தத்துக்கு வலுவூட்டுகிறது என்று நம்புபவர்களை இன்றும் சந்திக்கிறேன். காந்தம் இரண்டிலும் காந்தம்தான். 1976இல் கலிஃபோர்னியாவில் ராப் டர்னர் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் இஎம்ஜி என்று பெயர் பெற்றது. செராமிக் காந்தம் கொண்ட அதன் 81 மாடலைப் பிரிட்ஜில் வைத்துத்தான் மெட்டாலிக்காவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் ஆஸி ஆஸ்போர்னிடம் வாசித்த சாக் வைல்டும் தத்தம் ரிதம் ஒலியைக் கட்டினார்கள். முன்பெருக்கியிலிருந்து வெளிவரும் மின்மறுப்பு சுமார் 10 கிலோ ஓம் அளவுக்குக் குறைவாக இருப்பதால் கேபிளின் நீளம் பொருட்டே அல்ல. கூடு நன்றாகக் கவசமிடப்பட்டிருப்பதால் இரைச்சலும் மிகக் குறைவு. அடித்தளம் பரவாமல் வருகிறது, ஓங்கி அடித்தாலும் மெல்ல அடித்தாலும் சத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே நிற்கிறது. காய்ச்சிய பறை என்று மேலே சொன்னேனே, அதற்கு மிக அருகில் வரும் பிக்கப் இது.

நான் ஆக்டிவுக்குப் போனது இந்த இறுக்கத்தை நாடி அல்ல, இரைச்சலுக்குப் பயந்து. எங்கள் வீடு என் தாத்தா காலத்தது. கணிப்பொறியில் கிட்டார் ஒலியை உள்ளே அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸை இணைத்து, மென்பொருள் ஆம்ப்பில் கெயினைக் கூட்டினால், தந்தியைத் தொடுவதற்கு முன்பே வண்டுக் கூட்டம் ஒன்று ஸ்பீக்கருக்குள் குடியேறியதுபோல் இரையும். மெல்லிய ஒலிகளை அடைத்துவிடும் நாய்ஸ் கேட்டை இறுக்கினால் இரைச்சலோடு சேர்த்துப் பாம் மியூட்டின் வாலையும் வெட்டிவிடும். இதற்கெல்லாம் என் பாசிவ் பிக்கப்தான் காரணம் என்று தீர்ப்பு எழுதி, பல மாதச் சேமிப்பில் ஒரு ஜோடி இஎம்ஜி வாங்கி, பிராட்வேயில் வாங்கிய சால்டரிங் அயனோடு நானே உட்கார்ந்து மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் அறையே அமைதியானது. இரைச்சல் போய்விட்டது; போதாக்குறைக்குத் தந்தியைத் தொடும்போது விரலில் அவ்வப்போது ஏறிய சுருக்கென்ற உணர்வும் போய்விட்டது. ஆக்டிவ் பிக்கப் மின்சாரக் கோளாறையும் சரிசெய்துவிடும் போலிருக்கிறது என்று நான் அப்போது நினைத்ததை இங்கே வெட்கத்துடன் பதிவு செய்கிறேன்.

உண்மை வெளிவந்தது வாஷிங் மெஷினால். அதைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று அம்மா சொல்லவே, தெருமுனையில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீசியன் அண்ணனை அழைத்து வந்தேன். டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையை மின்சாரம் வரும் ஃபேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்துப் பார்த்தார். பல்பு கண் திறக்கவே இல்லை. "இன்னா தம்பி, மூணு ஓட்டை பிளக்கு வெச்சிக்கிறீங்க, மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லியே" என்றார். கொல்லைப்புறத்தில் எர்த் குழாய் இருந்தது. அதன் கிளாம்ப்பில் இருக்க வேண்டிய கம்பி, கடற்காற்றின் உப்பில் அரித்து, தொட்டதும் மரத்தூள்போல் உதிர்ந்தது. எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ! எர்த் இல்லாத கணிப்பொறியின் இரும்புப் பெட்டி, அதன் பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டிக் கபாசிட்டர்களின் வழியாகக் கசியும் மின்னழுத்தத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. பாசிவ் கிட்டாரில் தந்திகளும் கிரவுண்டோடு இணைக்கப்பட்டிருப்பதால் அந்த மிதப்பு நேராக என் விரலுக்கு வந்திருக்கிறது. இஎம்ஜி மாட்டும்போது தந்திக்குப் போகும் கிரவுண்ட் கம்பியைக் கழற்றிவிடச் சொல்வார்கள், நானும் கழற்றியிருந்தேன். சுருக்கென்ற உணர்வு போனது அதனால்தான். நோய் அப்படியே இருந்தது, எனக்கு வலி மட்டும் தெரியாமல் போயிருக்கிறது.

அண்ணன் புதிய குழி தோண்டி, குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் மாறி மாறிக் கொட்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கம்பியை இழுத்துக் கொடுத்தார். அன்று மாலை, பழைய பாசிவ் பிக்கப் இருந்த இன்னொரு கிட்டாரை அதே இன்டர்ஃபேஸில் சொருகினேன். ஹம்பக்கரிடம் எதிர்பார்க்கக்கூடிய மெல்லிய மூச்சு மட்டுமே கேட்டது. வண்டுகள் வீட்டைக் காலி செய்திருந்தன.

அதன் பிறகுதான் இரண்டையும் நியாயமாக ஒப்பிட வேண்டும் என்று தோன்றியது. ஒரே மரம், ஒரே தந்தி, ஒரே கை என்று இருக்க வேண்டும் என்பதற்காக, இஎம்ஜி இருந்த கிட்டாரிலேயே பிரிட்ஜில் சூப்பர் டிஸ்டார்ஷனை மாட்டினேன். வாசித்தால் ஒலி கம்பளிக்குள்ளிருந்து வந்தது. மேல் ஸ்தாயியே இல்லை. சீ, இதற்காகவா இத்தனை பேர் பாசிவைப் புகழ்கிறார்கள் என்று ஒரு முழு நாள் அதைத் திட்டித் தீர்த்தேன். மறுநாள் பின்பக்க மூடியைத் திறந்து வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடையை, அதாவது பாட்டைத் திருப்பிப் பார்த்தபோது அதன் முதுகில் '25கே' என்று பொறித்திருந்தது. ஆக்டிவ் பிக்கப்போடு பெட்டியில் வந்த பாட் அது. குறைந்த மின்மறுப்புள்ள ஆக்டிவுக்கு 25 கிலோ ஓம் சரி; பாசிவ் ஹம்பக்கருக்கு வழக்கமாகப் போடுவது 500 கிலோ ஓம். 25ஐ அதன் தலையில் கட்டினால் சுமை தாங்காமல் மேல் ஸ்தாயி எல்லாம் வடிந்துவிடும். மாறாக, ஆக்டிவுக்கு 500 போட்டால் வால்யூம் குமிழ் படிப்படியாக இறங்காமல் ஸ்விட்ச் போல ஓரிடத்தில் பட்டென்று விழும். பிக்கப் மாற்றுபவர்கள் பாட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரண்டு வகையையும் ஒரே கிட்டாரில் கலந்து மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: முடியும், ஆனால் ஏதாவது ஒன்று குறைபட்டே ஒலிக்கும்.

பாட்டை மாற்றிய பின் கேட்ட ஒலியில் எனக்கு முதலில் பட்டது, என் வலது கையின் பிழைகள். ஆக்டிவில் எல்லா டவுன்பிக்கும் அச்சில் வார்த்ததுபோல் வந்துகொண்டிருந்தது. பாசிவில் எட்டாவது அடிக்கு மேல் மணிக்கட்டு தளர்வது தெளிவாகக் கேட்டது. ஆனால் அதே தெளிவில், வேண்டுமென்றே ஓர் அடியை ஓங்கி இறக்கியபோது அந்த அடி எழுந்து நின்றது. பாம் மியூட்டில் உள்ளங்கையை ஒரு நூல் முன்னே நகர்த்தினால் ஒலியின் நிறம் மாறியது. அடித்தளமோ ஆக்டிவைவிடத் தளதளவென்று இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. டிராப் சியில் வேகமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் வரி) வாசித்தால் கால் சேற்றில் புதைந்தது.

இந்த இடத்தில்தான், ஒலியை உந்தித் தள்ளும், காலால் மிதித்து இயக்கும் ஓவர்டிரைவ் பெடல் உள்ளே வருகிறது. டியூப் ஸ்கிரீமர் வகைப் பெடல் ஒன்றை ஆம்ப்புக்கு முன்னால் வைத்து, டிரைவைப் பூஜ்யத்திலும் லெவலை உச்சத்திலும் நிறுத்துவது மெட்டல்காரர்களின் பழைய வழக்கம். அந்தச் சுற்று ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகப் பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே வருவதால், அடித்தளம் டிஸ்டார்ஷனுக்கு முன்பே ஒடுங்கிவிடுகிறது; உச்சிகளும் கொஞ்சம் தட்டையாகின்றன. பெடலை மிதித்தேன், சேறு காய்ந்தது. இஎம்ஜியோடு நேருக்கு நேர் பதிவு செய்து, எது எதென்று பார்க்காமல் கேட்டபோது, ரிஃப்பின் இறுக்கத்தை வைத்து மட்டும் என்னால் இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய முடியவில்லை. அப்படியானால், ரிதம் வாசிப்பவருக்கு ஆக்டிவ் பிக்கப் தரும் இறுக்கத்தில் பெரும்பங்கு, காலடியில் இருக்க வேண்டிய பெடலின் வேலையைக் கிட்டாரின் வயிற்றுக்குள் நிரந்தரமாகக் குடிவைப்பதால் வருவது. பெடலை வேண்டாதபோது மிதித்து நிறுத்தலாம். வயிற்றுக்குள் இருப்பதை நிறுத்த வழி கிடையாது.

பெடலுக்கும் முன்னால், காசு செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாசிவ் பிக்கப்பைத் தந்திக்கு மிக நெருக்கமாக ஏற்றி வைத்தால் அதிகச் சத்தம் வரும் என்று எல்லோரும் திருகாணியை முறுக்குகிறோம். அருகில் வந்த காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும், அடித்தளம் இன்னும் பெருகும். ஒரு மில்லிமீட்டர் இறக்கிப் பாருங்கள். பிக்கப் மாற்ற வேண்டும் என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் ஸ்க்ரூடிரைவரோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

பெரும் மெட்டல் ஒலி என்றால் ஆக்டிவ்தான் என்ற பேச்சுக்கு வரலாற்றிலும் ஆதரவு இல்லை. பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலையில் விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, 1970இல் பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தில் வாசித்தது ஒற்றைச் சுருள் பாசிவ் பிக்கப்புகளில். பாண்டெராவின் டைம்பேக் டேரல் பில் லாரன்ஸ் எல்-500 என்னும் பாசிவைக் கொண்டுதான் கத்திபோன்ற அந்த ரிதமை அறுத்தெடுத்தார். மெஷுகா எட்டுத் தந்திக் கிட்டாரில் அத்தனை ஆழத்துக்கு இறங்கியும் லுண்ட்கிரென் எம்8 என்ற பாசிவிலேயே வாசித்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் ஹெட்ஃபீல்டும் வைல்டும் ஸ்லேயரின் கெரி கிங்கும் நிற்கிறார்கள். கைகளைப் பார்த்தால் இரண்டு அணியும் சமம். 2014இல் வந்த ஃபிஷ்மேன் ஃப்ளூயன்ஸ், கம்பி சுற்றுவதற்குப் பதில் அச்சிட்ட தகடுகளை அடுக்கி, ஒரே பிக்கப்பில் ஆக்டிவ் போன்றும் பாசிவ் போன்றும் இரு குரல்களைத் தருகிறது. அதற்கும் பேட்டரி வேண்டும். நண்பர் ஒருவருடையதை ஒரு மாலை முழுதும் வாசித்தேன், பிடித்திருந்தது, விலையைக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

பேட்டரியைப் பற்றி ஒரு கசப்பான அனுபவமும் சொல்லியாக வேண்டும். இஎம்ஜி பிக்கப் ஒன்று இழுப்பது 80 மைக்ரோ ஆம்பியர் அளவுக்குத்தான். இரண்டு பிக்கப்புக்கு ஒரு நல்ல 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரி 3000 மணி நேரம் வரை கூடத் தாங்கும். ஆனால் அதற்குத் தனியாக ஆன்-ஆஃப் ஸ்விட்ச் இல்லை. கிட்டாரின் ஸ்டீரியோ ஜாக்கில் கேபிளைச் சொருகியதும் சுற்று மூடுகிறது, பிடுங்கினால்தான் அணைகிறது. நான் கேபிளைப் பிடுங்காமலேயே கிட்டாரை ஸ்டாண்டில் சாய்த்து வைக்கும் சோம்பேறி. 3000 மணி நேரத்தை 24ஆல் வகுத்தால் 125 நாள்; நான்கு மாதம் சொச்சம்தான். ஒரு கல்லூரி விழாவில் இரண்டாவது பாட்டின் நடுவில் என் ஒலி திடீரென்று கிழிந்த துணிபோல் பொரிய ஆரம்பித்து, பின் சுருங்கி, பின் காணாமலே போனது. பாசிவ் பிக்கப்புக்குக் கேபிள் அறுந்தால் உண்டு, இப்படி மூச்சுத்திணறிச் சாவது கிடையாது. டிரம்ஸ் வாசித்த நண்பன் எனக்காக ஒரு சோலோவை இழுத்துக்கொண்டே போனான், நான் மேடையில் முட்டிபோட்டு உட்கார்ந்து பின்மூடியின் நான்கு திருகாணிகளைப் பத்து ரூபாய் நாணயத்தால் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாணயம் உள்ளே நுழையவே இல்லை, அவை ஸ்டார் திருகாணிகள்.

இப்போது என்னிடம் இரண்டு கிட்டார்கள் இருக்கின்றன. வழக்கமான சுருதியில் இருப்பதில் சூப்பர் டிஸ்டார்ஷன், முன்னால் பெடல். டிராப் சியில் இருப்பதில் இஎம்ஜியைத் திரும்ப மாட்டிவிட்டேன். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 18 வோல்ட் ஆக்கியதில், ஓங்கிய அடிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைத்திருக்கிறது. மின்சாரம் எப்படி இருக்கும் என்று தெரியாத மண்டபங்களுக்கும், ஆம்ப் எங்கோ இருந்து கேபிள் எங்கோ வரும் மேடைகளுக்கும் இஎம்ஜியைத்தான் எடுத்துப் போகிறேன். வீட்டில் கை போவது பாசிவுக்கு. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், செராமிக் பாசிவும் ஒரு ஓவர்டிரைவ் பெடலும் வாங்குங்கள் என்பேன். அந்தப் பெடல் அடுத்த கிட்டாருக்கும் உதவும்.

போன வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். கிட்டார் ரொம்ப இரைகிறது, ஆக்டிவ் மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன் அண்ணா, எந்த மாடல் நல்லது என்று கேட்டான். கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றான், ஆச்சரியத்தோடு. எலக்ட்ரீசியன் அண்ணனின் நம்பரைக் கொடுத்து அனுப்பினேன்.